பண்டத்தரிப்பிலிருந்து கோடைக்கானல் வரை

பள்ளிக்கூட விடுதலை வந்துவிட்டால் நம்மவர் செல்லும் இடங்கள் பெரும்பாலும் முன்னரே தீர்மானமானவை. கதிர்காமம், திருக்கோணமலை, நுவரெலியா. கையிற் பொருள் சற்று மிஞ்சினால் சிதம்பரம், மதுரை, பழனி. தரிசனமும் காட்சியுங் கலந்த இப்பிரயாணங்களுக்குப் புறப்படும்போது, போகின்றவர் எல்லோரும் திரும்பி வருவோம் என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. அந்த ஐயத்தோடேயே மூன்று தலைமுறையாகப் பிரயாணஞ் செய்த ஒரு குடும்பம் உண்டு. விடுதலைக்காகப் போன இடத்திலே உயிர்விட்டவர்களும், பிரயாணத்தின் முடிவிற் பிள்ளைகளைப் பிரிந்தவர்களும் அக்குடும்பத்திற் பலர். அதன் பெயர் உலகம் அறிந்தது. அதன் கீழைத்தேசத்துத் தொட்டில் நமது பண்டத்தரிப்பு என்பதை நம்முள் எத்தனைபேர் அறிவர்? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தாரையே குறிப்பிடுகின்றோம்.

ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரிலே நல்ல வரும்படியுள்ள வைத்தியராயிருந்தவர். ஒரு நோயாளியின் வீட்டிற் கைக்கெட்டிய சிறு பிரசுரம் ஒன்றைப் படித்ததன் விளைவாகத் தொழிலைவிட்டுக் கீழைத்தேசத்துக்குப் புறப்பட்டாரென்பது பிரசித்தமான கதை. 1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆந் திகதி, மனைவியார் ஹரியற்றுடனும் மரியா என்னுங் குழந்தையுடனும், போஸ்டன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பலில் ஏறினார். வின்சிலோ, ஸ்போல்டிங், வூட்வேட் என்னும் ஐயர்மாரும் அதே கப்பலில் வந்தனர். இவர்களுள் முதலிருவரும் நம் நாட்டுக் கல்வி வரலாற்றிலும் தமிழ் அகராதி வரலாற்றிலும் பெயர் பதித்தவர்கள். அப்பொழுது சுயெஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இலேதான். ஆபிரிக்காக் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவை அடைய நான்கு மாதங்கள் சென்றன. கடலின் கொந்தளிப்பையெல்லாந் தாங்கி வந்த குழந்தை மரியா, கரையிறங்கிய கல்கத்தாவிலே நோயுற்று இறந்தாள். பெற்றோர் அவளை அங்கே அடக்கஞ்செய்துவிட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர்.

பண்டத்தரிப்பிலே ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த கட்டடங்களைத் திருத்திக் குடியேறி, வைத்தியமும் போதனையும் பள்ளிக்கூடமுமாக ஸ்கடர் பணியாற்றத் தொடங்கினார். கீழைத்தேசத்துக்கு வந்த முதல் அமெரிக்க வைத்திய மிஷனரி என்று சரித்திரக்காரர் கூறும் மனிதர், தம் முதல் வைத்தியசாலையை நடத்தியது அந்தச் சிற்றூரிலேதான். சிலகாலத்தின் பின் சாவகச்சேரிக்கு மாறினார். 1836இல் அச்சுக்கூட முயற்சியின் பொருட்டு வின்சிலோ ஐயருடன் சென்னைக்குப் போனார். இதற்கிடையிலே, 1822 முதல் 1835 வரையில், அவருக்கு நம் மண்ணிலே புதல்வர் பலர் பிறந்தனர். அவர்களுள் எழுவர் பின்னர் இந்தியாவில் மிஷனரிமாராயினர். சாவகச்சேரியிற் பிறந்த கடைக்குட்டிக்குத் தந்தையின் பெயரே இடப்பட்டது. அந்தச் சிறிய ஜோன் நம் கட்டுரைக்கு வேண்டியவர், அவரை மறவாதிருக்க.

இனி, இக்குடும்பங்களின் பிரயாணங்களைப் பற்றிச் சொல்லுமிடத்து, மிக வருத்தமான பகுதியை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. பிள்ளைகள் எட்டு, பத்து வயதை எட்டியதும் அவர்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுதல் அக்கால மிஷனரிமாரின் வழக்கமாயிருந்தது. வெப்பமும் காய்ச்சலும் ஒரு காரணம். தங்கள் முறையிற் கல்வி புகட்ட இங்கே பள்ளியின்மை இன்னொரு காரணம். மூன்றாவதொரு காரணமும் உண்டு. அதைப் படிக்கும்போது நமக்கு மெல்லிய சிரிப்பு வரும். வேலைக்காரரோடும் அயற்பிள்ளைகளோடும் கூடித் திரிந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் தமிழைத் தாய்மொழிபோலப் பேசினர். அப்பேச்சோடு நம்முடைய பழக்கவழக்கங்களும் ஒட்டிக்கொள்ளுமோவென்று பெற்றோர் அஞ்சினர். தம் மார்க்கத்தை நமக்குத் தரவந்தவர்கள் தம் பிள்ளைகள் நம்மிடமிருந்து எதையும் பெற்றுவிடக் கூடாதென்று பயந்தது விசித்திரமே. மார்க்க வழக்கை இங்கே கிளறுவது நம் நோக்கமன்று. நாவலர் பெருமான் அதனைத் தீரப் பேசியிருக்கிறார். ஆயினும், அந்த அச்சத்துக்குப் பெற்றவர்களே கொடுத்த விலையை நினைக்கும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

ஸ்கடரின் மூத்த புதல்வர் ஹென்றி மார்ட்டின் 1832இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது பத்து. தந்தையார் தாய்நாட்டுக்கு முதன்முதல் விடுமுறையிற் சென்றது 1842இல். கரையில் நின்று வழியனுப்பிய சிறுவனை மீண்டுங் கண்டபோது அவன் பட்டதாரியாகிவிட்ட இருபது வயது இளைஞன். இடையில் நடந்த எதுவும் கடிதவாயிலாகவன்றித் தெரியாது; அக்கடிதமும் ஐந்தாறு மாதம் பழமைப்பட்டது. உடுவிலிற் பெண்பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையாரும் தம் மூத்த மகனை இவ்வாறே அனுப்பினார். அவன் அங்கே சிறுவயதிலேயே இறந்துபோனான். 1833 ஜனவரியில் அம்மையாரும் இங்கே மறைந்தார். உடுவிலில் நம் பெண்பிள்ளைகளைத் தம் கூரையின்கீழ்ச் சேர்த்து வளர்த்த தாயினால், தன் மகனைத் தன் பக்கத்தில் வைத்திருக்க முடியவில்லை.

இவ்வழக்கம் நம்மவர்க்கு முற்றும் புதிதன்று. நம் பாட்டன்மார் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் தபாற் பகுதியிலும் உத்தியோகம் பார்த்த நாட்களில், படிப்பின் பொருட்டுப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் மாமன் வீட்டிலோ விடுதிச்சாலையிலோ விட்டுவிட்டுக் கப்பலேறிய தாய்மார் எத்தனைபேர்! 'மாமி நல்லவ' என்று எழுதப்பட்ட கடிதங்களுக்குள் என்ன இருந்தது என்பதை வளர்ந்தபின் சொன்னவர்களும் உண்டு. சொல்லாமலே போனவர்களும் உண்டு.

மூத்த ஸ்கடரின் சொந்தப் பிரயாணங்களைச் சுருக்கமாகவே கூறலாம். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவிற் கழித்த காலம் பெயருக்கு மாத்திரமே ஓய்வு. ஊரூராகச் சென்று தேவாலயங்களிலே, சிறப்பாகச் சிறுவர் கூட்டங்களிலே, கீழைத்தேசத்தைப் பற்றிப் பேசுவதே வேலையாயிருந்தது. 'பர்லோ' என்று நம் கிறிஸ்தவ நண்பர்கள் வழங்கும் இந்த நீண்ட விடுமுறை எல்லா மிஷனரிமாருக்கும் ஏறக்குறைய இப்படித்தான். ஆறேழு ஆண்டு உழைத்தபின் கிடைக்கும் ஓராண்டு ஓய்வில், அடுத்த ஆறேழு ஆண்டுக்குப் பணந்திரட்டுதல். மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் கிறீன், 1873இல் உடல் தளர்ந்து ஊர் திரும்பிய பின்னும், அமெரிக்காவிலிருந்தபடி வைத்திய நூல்களைத் தமிழாக்கும் பணியை விடவில்லை. இவர்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியாதோ என்றுகூடத் தோன்றுகிறது. ஸ்கடர் இந்தியா மீண்டபின் 1849இல் மனைவியாரைச் சென்னையிற் பறிகொடுத்தார். தம் உடல்நலமும் குன்றவே, வைத்தியர்கள் கடற்பிரயாணத்தைச் சிபாரிசு செய்தனர். தென்னாபிரிக்காவிலே நன்னம்பிக்கை முனையை அடுத்த வின்பேர்க் என்னும் இடத்துக்கு இளைப்பாறச் சென்றவர், 1855 ஜனவரியில் அங்கேயே காலமானார். ஓய்வுக்காக மாத்திரம் அவர் மேற்கொண்ட பயணம் அவ்வாறு முடிந்தது.

கடல்கடந்து போவதற்குப் பதிலாக, அருகிலேயே குளிர்ச்சியான ஓரிடம் இருந்தால் இத்தனை உயிர்கள் போகாவே என்ற எண்ணம் மிஷனரிமாருக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை. இங்கேதான் கோடைமலை நம் கதைக்குள் வருகிறது. அதற்கும் யாழ்ப்பாணமே வழிகாட்டிற்று. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாண மிஷனின் கிளையாகத் தொடங்கப்பட்டது. இடம் பார்த்துவர மதுரைக்குச் சென்றவர் நாம் முன்னர்க் கூறிய ஸ்போல்டிங் ஐயர். ஆனால், மதுரையின் வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் அப்புதிய மிஷனைத் தொடக்கத்திலேயே வாட்டின. முதலிற் சிறுமலையில் வீடமைத்துப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர், 1821இல் வார்ட் என்ற இராணுவ அதிகாரி அளந்து குறித்திருந்த பழனிமலைத் தொடரை நாடினர். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலே, 1845இல், 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்ற பெயருடன் இரண்டு வீடுகள் எழுந்தன. கோடைக்கானல் என்னும் மலைநகரின் பிறப்பு அதுவே. இந்தியாவின் ஏனைய மலைநகரங்களிற் பலவற்றை ஆங்கில அதிகாரிகளும் படையினரும் உண்டாக்கினர்; கோடைக்கானலை உண்டாக்கியவர்கள் உயிர்பிழைக்க வழிதேடிய அமெரிக்கக் குடும்பத்தார். இன்று உல்லாசத் தலமென்று விளம்பரஞ் செய்யப்படும் ஊர், ஆதியில் ஒரு சுகவீனர் விடுதியென்றே சொல்லத்தகும்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுதலையிலே குடும்ப சமேதராக நாம் அங்குச் சென்றோம். நம் பெற்றோர் காலத்தவர் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்து மதுரைக்குப் போனதைக் கதையாகக் கேட்டிருக்கிறோம். 1984இன் பின் அக்கப்பலும் இல்லை. நாம் பலாலியிலிருந்து சென்னைக்கு ஆகாயமார்க்கமாகவும், அங்கிருந்து இரவுப் புகையிரதத்திலும் சென்று, விடியற்காலையிற் கோடைக்கானல் வீதி நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மலையுச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பேருந்து வத்தலக்குண்டைக் கடந்ததும், தென்னையும் மாவுமாயிருந்த நிலம் படிப்படியாக விலகிக் கோப்பித் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் தோன்றுகின்றன. வெள்ளியருவி என்னும் நீர்வீழ்ச்சியை அடையும்போது காதுகள் அடைத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் கம்பளிச் சட்டையைத் தேடுகிறார்கள். பேருந்திற் பாட்டுச் சத்தம் மாத்திரம் உயரத்துக்கேற்பக் குறையவில்லை.

இந்த மோட்டார்ப்பாதை 20ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டிலேதான் பூர்த்தியாயிற்று. அதற்கு முந்திய எழுபது ஆண்டுகளிற் குடும்பங்கள் இம்மலையை ஏறியது வேறுவிதம். இருப்புப்பாதை வருமுன், மதுரையிலிருந்து பெரியகுளம் வரை இரவெல்லாம் மாட்டுவண்டி. வைக்கோல் பரப்பி அதன்மேற் பிள்ளைகளை உறங்கவைத்துக்கொண்டு பிரயாணம். அடிவாரத்துத் தோப்பொன்றில் வண்டிகளை விட்டுவிட்டு, பொழுது விடியுமுன் ஏறத் தொடங்கவேண்டும். திடமுள்ளவர்கள் நடந்தோ மட்டக் குதிரையிலோ சென்றனர். பெண்களும் நோயாளரும் குழந்தைகளும் டோலியிலே சுமக்கப்பட்டனர். தட்டுமுட்டுச் சாமான், சமையற் பாத்திரம், புத்தகப்பெட்டி, சில வேளை வாத்தியப்பெட்டி, யாவும் கூலியாட்களின் தலையில் ஏறின. மிஷனரிமாரின் நினைவுக் குறிப்புக்களிலே இம்மலைப்பயணம் பெருங்குதூகலமாக வருணிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும். வெறுங்காலோடு அந்தச் செங்குத்தான பாதையில் டோலியைத் தூக்கிச் சென்றவர்களின் குறிப்புக்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வாய்த்த விடுமுறை இறங்குமுகத்தில் வெறுந்தோளோடு வந்த நேரம் ஒன்றே.

நகரத்தின் நடுவிலுள்ள ஏரி இயற்கையானதன்று. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863இல் ஓடைகளை மறித்து அணைகட்டி அமைத்தது. மலைவிளிம்பை ஒட்டிச் செல்லும் 'கோக்கர் நடை' 1872 அளவில் அமைந்தது. மேகம் விலகிய ஒரு காலையில் அந்நடைபாதையில் நின்று நாம் சமவெளியை நோக்கினோம். ஒரு சதுரப் பாய் விரித்தாற்போல வயல்களும், அவற்றிடையே கண்ணாடித்துண்டு போன்ற குளங்களுந் தெரிந்தன. சித்திரை, வைகாசி மாதங்களில் இதே இடத்திலிருந்து கீழே நோக்கிய மிஷனரித் தாய்மாருக்கு அக்காட்சி வேறு பொருளுடையது. கணவர் பெரும்பாலும் சில வாரங்களே தங்கி, அந்த வெயிலுக்குள் மீண்டும் இறங்கிப் போய்விடுவார். மனைவியும் குழந்தைகளும் மாத்திரம் குளிரில் இருப்பார்கள். தூரத்தே புழுதிபோலத் தெரிகின்ற அந்தப் பரப்பினுள்ளே எங்கோ அவர் இருக்கிறாரென்று குழந்தைக்குக் காட்டுவதற்கு ஏற்ற இடம் இது.

எனினும், மலைவாசம் முழுவதும் கவலையாகவே கழிந்தது என்று நினைத்தல் தவறு. பல்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள், சமவெளியில் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்காய்க் காணாதவர்கள், இங்கே அயல்வீட்டாராயினர். 1890இல் கோடைக்கானல் மிஷனரிச் சங்கம் நிறுவப்பட்டது. பந்தாட்டம், வனபோசனம், இசை, வாசிகசாலை, மாநாடு என்று பருவகாலம் நிறைந்திருந்தது. புதிதாய் வந்தவர்கள் தமிழ் படிப்பதற்கும் இக்காலத்தைப் பயன்படுத்தினர். கொடிய வெயிலில் வராத எழுவாயும் பயனிலையும் குளிரிலே வந்தன போலும்! அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷிமாரை நம்போன்ற ஆசிரியர்கள் நினையாமலிருக்க முடியாது.

ஏரிக்கரையில் நாம் நெடுநேரம் நின்று பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்தை. 1901இல் 'ஹைகிளார்க்' என்ற பெயரோடு சிலரே மாணவராகத் தொடங்கப்பட்டு, 1970களில் சர்வதேசப் பள்ளி என்று பெயர் மாற்றம் பெற்றது அது. மிஷனரி மக்கட்கென்று மலையிலேயே ஒரு பள்ளி உண்டானமை, நாம் மேலே சொன்ன அந்தப் பழைய வேதனைக்குக் கிடைத்த மருந்து. பத்து வயதுப் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியதில்லை; ஒருநாட் பிரயாணத்தில் எட்டக்கூடிய இடத்தில் விடுதியிற் சேர்க்கலாம். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் குடும்பங்களும் கடல்கடந்து தம் பிள்ளைகளை இங்கே அனுப்பின. பள்ளியின் ஆண்டுக்கணக்கை அமைத்த முறை நமக்கு மிகவும் பிடித்தது. நீண்ட விடுமுறையைக் கோடையில் விடாமல், ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான குளிர்காலத்தில் விட்டார்கள். அப்பொழுது சமவெளி பிள்ளைகளுக்குத் தாங்கக்கூடியதாயிருக்கும்; அவர்கள் கீழே இறங்கிப் பெற்றோரிடம் சென்றனர். கோடையிலோ பெற்றோர் மேலே ஏறிப் பிள்ளைகளிடம் வந்தனர். அவ்வாரங்களில் விடுதிப் பிள்ளைகள் தாய்தந்தையரோடு வீடுகளில் வாழ்ந்து, அங்கிருந்தே பள்ளிக்குச் சென்றனர். கால அட்டவணை தயாரிக்கும் தொழிலில் இருபது ஆண்டு தலையுடைத்த நமக்கு, இத்தனை கருணையுடன் தயாரிக்கப்பட்ட அட்டவணை ஒன்றைக் கண்டதாக நினைவில்லை.

இந்த மருந்து கிடைக்கச் சற்றுப் பிந்திவிட்ட ஒரு பிள்ளையின் கதைக்கு இனி வருவோம். சாவகச்சேரியிற் பிறந்த ஜோன் ஸ்கடர் அமெரிக்காவிற் படித்து வைத்தியராகி, சோபியா வெல்ட் என்னும் அம்மையாரை மணந்து, வட ஆர்க்காட்டுப் பகுதிக்குப் பணிசெய்ய வந்தார். அங்கே அவருடைய தமையன்மார் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவியிருந்தனர். 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் அவருக்குப் பிறந்த பெண்குழந்தை ஐடா. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த கொடும்பஞ்சத்தைக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டாள். அதன் முடிவில் உடல்நலிந்த குடும்பம் அமெரிக்கா சென்று, நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையில் வாழ்ந்தது. சில ஆண்டுகளில் தந்தையார் தனியே இந்தியா திரும்பினார். பின்னர்த் தாயாரும் அவரைத் தொடர்ந்து புறப்பட்டார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாய் போன இரவு, அவர் படுத்திருந்த கட்டிலில் விழுந்து, தலையணையில் முகம்புதைத்து அழுதாளென்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். மிஷனரியாக மாத்திரம் ஆகவே மாட்டேன் என்பது அந்தப் பெண்ணின் பிடிவாதம். எவர் அதனைக் குறைகூறக்கூடும்?

தாயார் நோயுற்றாரென்று 1890இல் தற்காலிகமாகவே இந்தியா வந்தார். திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று வீட்டார், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனைப்படும் தம் மனைவியருக்கு உதவி வேண்டி வந்ததும், ஆண் வைத்தியரை அழைத்துச் செல்ல மறுத்து மூவரும் திரும்பியதும், விடியுமுன் அப்பெண்கள் மூவரும் இறந்ததும் பலர் அறிந்தவை. அந்த இரவே ஐடாவைத் திசைதிருப்பிற்று. அமெரிக்கா சென்று 1899இல் வைத்தியப் பட்டம் பெற்றார். வைத்தியசாலைக்கென்று பத்தாயிரம் டொலர் நன்கொடையுடன் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்திறங்கினார். தந்தையாரின் பக்கத்திலிருந்து தொழில் பழகலாமென்று எண்ணியிருந்தார். சிறுவயதில் இழந்த ஆண்டுகளை ஈடுசெய்யலாமென்றும் எண்ணினாரோ, நாம் அறியோம். சில மாதங்களுள், அதே ஆண்டில், சாவகச்சேரியிற் பிறந்த அந்தத் தந்தையார் கோடைக்கானலிற் காலமானார்.

வேலூரிலே 1902இல் எழுந்த வைத்தியசாலையும், 1918இற் பெண்களுக்கென்று தொடங்கிய வைத்தியப் பள்ளியும், பின் அது மாபெருங் கல்லூரியாக வளர்ந்ததும் தனிக்கட்டுரைக்குரியவை. நம் நாட்டிலிருந்தும் எத்தனையோ நோயாளர் வேலூருக்குப் போய்வந்திருக்கின்றனர். நமக்கு இங்கு வேண்டியது கோடைமலையில் 'ஹில்டொப்' என்ற பெயருடன் அவர் அமைத்துக்கொண்ட வீடு. தாமே விருப்பத்தோடு தேடிக்கொண்ட ஓய்விடம் அது. தோட்டம் அவருக்கு உயிர். ரோசாச் செடிகளைத் தம் கையாலேயே பேணினார். முதிய வயதிலும் பந்தாட்டக் களத்தில் இளையவர்களைத் திணறச்செய்தாராம். அவர் மணஞ்செய்யவில்லை; எனினும், அவ்வீட்டில் விடுமுறைக்கு வந்து தங்கிய உறவினருக்கும் வேலூர் வைத்தியர்களுக்கும் மாணவியருக்கும் குறைவில்லை. 1946இல் இளைப்பாறிய பின் அதுவே அவருக்கு நிரந்தர வீடாயிற்று. 1960 மே மாதத்தில், தந்தையார் இறந்த அதே மலையில், அறுபது ஆண்டுகளின் பின், தம் 89ஆம் வயதில் மறைந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி வேலூருக்குக் கொண்டுசென்று அடக்கஞ்செய்தார்கள்.

நம் இளைய மகள் பன்னிரண்டு வயதினள். தலையணைக் கதையை மாத்திரம் மறுபடி மறுபடி கேட்டாள். "அம்மா திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டே போனவ?" என்பது அவள் கேள்வி. நாம் சரித்திர ஆசிரியர். அந்தக் கேள்விக்குச் சரித்திரப் புத்தகத்தில் விடை தேடிக்கொண்டிருந்தோம். எம் மனைவியார் அவள் தலையைத் தடவிவிட்டு, கடலை விற்பவனைக் கூப்பிட்டார்.

கோடைக்கானல் போகும் ஈழத்தவர் எவரும் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் காணாது திரும்பலாகாது. நகரிலிருந்து சிறிது தூரத்தில், மலைச்சரிவை நோக்கி அமைந்த சிறிய முருகன் ஆலயம் அது. 1936இல் அதனை எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து, இராமநாதனின் சைவ ஞானத்தால் ஈர்க்கப்பட்டு, அவரை மணந்து, அவர் 1913இல் திறந்த மருதனார்மடத்துப் பெண்கல்லூரியைத் தம் உயிரென வளர்த்தவர். போஸ்டனிலிருந்து ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் வழியாக இம்மலைக்கு வந்து சேர்ந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி யாழ்ப்பாணம் வழியாக இம்மலைக்கு வந்து முருகனுக்குக் கோயில் கட்டினார். தூரதேசத்தவர் இங்கே வருவதற்கு நம் சிறு தீபகற்பம் இருமுறை வாயிலாக அமைந்ததை எண்ணியபடி நாம் பிரகாரத்தைச் சுற்றிவந்தோம்.

கோயிலின் பின்புறத்திலிருந்து பார்த்தால், வானம் வெளித்திருக்கும் நேரத்தில் வடக்கே பழனிமலை தெரியும். நாம் நின்றபோது மேகம் மூடியிருந்தது. அர்ச்சகர் திசையைக் காட்டினார், அவ்வளவுதான். அருகில் நின்ற குறிஞ்சிச் செடிகளையும் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது; 2018இல் மலை முழுவதும் நீலமாயிருந்ததாம். மறுமுறை 2030இல். கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அப்பொழுது தனக்கும் தமக்கைக்கும் எத்தனை வயதாயிருக்குமென்று இளையவள் விரல்விட்டு எண்ணினாள். "அக்கா அப்ப எங்கை படிச்சுக்கொண்டிருப்பாவோ தெரியாது" என்றாள். மூத்தவள் ஒன்றும் பேசாமல் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளப் போனாள். கிள்ளக்கூடாதென்று அர்ச்சகர் தடுத்தார்.